சென்சாருக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை கிள்ளான் பக்கத்து மேருவில் ஒரு கார் பட்டறையில் கிடைத்தது. என் காருக்கு ஆயில் மாற்றப் போனேன். பக்கத்துக் காரின் கதை காதில் விழுந்தது. பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

"பெடரல் ஹைவேயின் மீது அந்தி கவிழ்ந்துகொண்டிருந்தபோது, மலரின்"

வேண்டாம். அந்தி கவிழ்ந்தால் என்ன, கவிழாவிட்டால் என்ன? கார் நின்றதுதான் விஷயம்.

மலர் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குத் தானே காரோட்டி வேலைக்குப் போகிறவள். ஆயுத பூஜை முடிந்த கையோடு கார் விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது. ஒருநாள் நடு ஹைவேயில் நின்றேவிட்டது. பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்த அடியில் அவளுக்கு உயிரே போய்விட்டது.

"காடியில ஒன்னும் இல்ல. உனக்குப் பெடல மிதிக்கத் தெரியல லா" என்றான் கணவன் லோகன்.

அன்றைக்குச் சாவியை ஆணியில் மாட்டியவள்தான். இப்போது ரயிலில் போகிறாள்.

(லோகனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனைவியின் காருக்கு அவ்வளவு ஆசையாகப் பூஜை போட்டவன் அவன்.)

3

இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. அதற்குள் மெல்லிய கம்பி, எப்போதும் சூடாக. ஊதினால் தேத்தண்ணி ஆறுவதுபோல, காற்று பட்டால் கம்பி ஆறும். அதன் சூடு குறையாமலிருக்க எவ்வளவு மின்சாரம் போகிறதென்று பார்த்து, காரின் கம்ப்யூட்டர் காற்றை அளந்து அதற்கேற்பப் பெட்ரோல் விடும். கம்பியில் எதையாவது அப்பினால் காற்று சரியாக உறைக்காது. பெட்ரோல் குறையும், கார் விக்கும்.

4

லோகன் ஓட்டியபோதும் கார் விக்கவே, பட்டறைக்குக் கொண்டுவந்தான். பட்டறைக்காரன் கிஷன் சென்சாரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அண்ணே, யாரு இதுக்குச் சந்தனம் வெச்சது?"

லோகன்தான். பூஜையன்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றித் துடைத்து, ஒன்றுவிடாமல் பொட்டு வைத்திருக்கிறான். இந்தச் சின்னதை மட்டும் விட அவனுக்கு மனம் வரவில்லை.

கிஷன் ஸ்பிரே அடித்துக் கழுவி மாட்டினான். கார் ஒழுங்காக ஓடியது. லோகனுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வீட்டுல கேட்டா, காடியில ஒன்னும் இல்லன்னு சொல்லிரு பாஸ்" என்று கிஷனைக் கெஞ்சினான்.

5

முதல் முடிவு: லோகனும் அதையே சொல்கிறான். மலர் மறுநாளும் ரயிலில்... வேண்டாம்.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறான், அவள் விழுந்து விழுந்து சிரி... இல்லை. எந்தப் பெண்டாட்டியும் அவ்வளவு சுலபத்தில் சிரிக்கமாட்டாள்.

அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். வாசலில் லோகன் சாவியை நீட்டுகிறான். மலர் வாங்கவில்லை.

"காடியில கோளாறா, இல்ல என் காலுதானா?"

லோகன் வாயைத் திறக்கிறான். அவனுக்குரிய வார்த்தையை நான் எழுதவில்லை, நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவள் இன்னும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.