ஜீப்பின் கரகரப்பு

கிழக்கு வெளுக்கும் முன்பே வெண்ணந்தூர்ச் சோளக்காட்டில் ஆட்கள் தோளில் இரும்புக் கயிற்றைப் போட்டுக்கொண்டு இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். அறுத்த சோளத்தட்டை காலைக் குத்திக் கிழித்தது. கயிற்றில் பிரிந்து நின்ற இழை உள்ளங்கையைப் பதம் பார்த்தது. மின்கோபுரத்துக்கு மின்கோபுரம் அந்தக் கயிற்றைக் கப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டால், மின்கம்பியை அதில் கோத்து விஞ்சு எந்திரம் இழுத்துக்கொள்ளும். விஞ்சு ஓட்டுகிறவன் சின்னண்ணன். பக்கத்தில் நிற்கும் ஜீப்பில் வயர்லெஸ் செட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் சேலத்துத் தோமினிக். ஏரிக்கரைக்கு அந்தப்புறம் கண்ணுக்குத் தெரியாத கோபுரத்தடியில் இன்னொரு செட்டு. அங்கிருந்து 'நிறுத்து' என்று வந்தால் தோமினிக் கை காட்டவேண்டும், சின்னண்ணன் நிறுத்தவேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையைக் கொடிக்காரிகள் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணுக்கு இன்னொருத்தி தெரிகிற தூரத்தில் காடு நெடுகப் பெண்கள் நிற்பார்கள். கடைசியில் நிற்பவள் சிவப்புத் துணியைத் தூக்கினால் அடுத்தவள் தூக்குவாள், அது கையோடு கையாக விஞ்சுக்கு வந்து சேரும். சிவப்பு உயர்ந்துவிட்டால் எந்தக் கொம்பனும் இழுக்கமாட்டான். காண்ட்ராக்டர் தண்டாயுதபாணி ஜீப்பில் வயர்லெஸ் மாட்டிய மறுநாளே அத்தனை பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வந்த செட்டு ஒழுங்காகப் பேசியதா என்றால் அதுவும் இல்லை. ஜீப்பின் பேட்டரி செத்த பேட்டரி. என்ஜின் ஓடினால்தான் செட்டுக்கு உயிர். என்ஜின் ஓடினாலோ பிளக்கில் தெறிக்கிற பொறியும் டைனமோவின் முனகலும் செட்டுக்குள் புகுந்துகொள்ளும். அப்பளம் பொரிக்கிற சட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். இந்தச் சத்தத்தை அடக்கப் பிளக்குக்குத் தடுப்பு, டைனமோவுக்குக் கண்டென்சர், பானெட்டை வண்டியின் உடம்போடு சேர்த்துக் கட்டச் செம்புப் பட்டை, இவ்வளவும் வாங்கித் தாருங்கள் என்று தோமினிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஏப்பா, உனக்குச் செட்டுல கச்சேரி கேக்கோணுமா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார் தண்டாயுதபாணி.

அன்றைக்கும் அந்தக் கரகரப்புதான் கேட்டது. ஏரிக்கரைக்கு அந்தப்புறம் கப்பி சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க, கோபுரம் ஏறுகிற குழந்தைவேல் மேலே ஏறியிருக்கிறான். கீழே இருந்தவர்கள் 'நிறுத்து, நிறுத்து' என்று செட்டில் கத்தியிருக்கிறார்கள். தோமினிக் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டும் ஒரு சொல் பிடிபடவில்லை. விஞ்சு இழுத்துக்கொண்டே இருந்தது. கப்பி பிய்த்துக்கொண்டு போய்க் குழந்தைவேலின் வலக்கையை நசுக்கியது. இடுப்புவார் இருந்ததால் உயிர் தங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பை எடுத்தபோது தண்டாயுதபாணி ஓடிவந்தார். மனுஷனுக்காக ஓடிவருகிறார் என்றுதான் தோமினிக் நினைத்தான். "சாக்கு விரிச்சுப் படுக்க வைங்கப்பா, சீட்டுல கறை புடிச்சா போகாது" என்றார். சேலம் போய்ச்சேரும்வரை தோமினிக் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம், இத்தனை நாளாகக் கிடைக்காத சாமான் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் வந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்ட ஏப்பத்தோடு வந்து பெட்டியைப் பானெட்டின் மேல் வைத்தார் தண்டாயுதபாணி.

"நாளைக்குக் காலைல மின்வாரியத்து இன்ஜினீயர் வாராரு. அதுக்குள்ள செட்டு மணியாட்டம் பேசோணும்."

"நேத்து இது இருந்திருந்தா கொழந்தவேலு கை தப்பியிருக்குமுங்க."

"செட்டுக்கு ஒரு கோளாறும் இல்லீன்னு வாரியத்துக்குச் சொல்லியாச்சு. அவன் சாராயத்தப் போட்டுட்டு மேல ஏறினான். அவ்வளவுதான்."

சாராயமா! மதுவிலக்கு இருக்கிற ஊரில் குடித்தான் என்று ஒரு சொல் போதும். நஷ்டஈடும் கிடையாது, கைக்கட்டு அவிழ்த்ததும் ஜெயிலுக்கும் போகவேண்டியதுதான். குழந்தைவேல் வெற்றிலைகூடப் போடாதவன். பெட்டிக்குள் இருந்த புதுக் கண்டென்சர்களில் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் தோமினிக் அப்படியே வைத்துவிட்டான். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட சாமான், இப்போது ஒரு பொய்க்குச் சுண்ணாம்பு அடிக்க வந்திருக்கிறது. அடிக்கிற கை தன் கை. த்தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று காறித் துப்பினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் கோபுரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தைவேலின் பெண்சாதி சென்னியம்மாளும் வந்திருந்தாள். கொடிக்காரியாக நின்று, சீட்டுக் கிழிக்கப்பட்டவள் அவள். தோமினிக் பெட்டியை நடுவில் வைத்துத் தன் சங்கடத்தைச் சொன்னான். மாட்டினால் குழந்தைவேல் குடிகாரன் ஆகிறான். மாட்டாவிட்டால் நாளைக்கு மேலே ஏறுகிறவனுக்கும் இதே கதிதான். சின்னண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, விஞ்சுப் பிடியைத் தொட்டாலே உடம்பு கூசுகிறது என்றான். ஆளுக்கு ஒன்று பேசினார்கள், ஒன்றும் கூடிவரவில்லை.

"ஏனுங்கண்ணா," என்றாள் சென்னியம்மாள், "கம்பியே இழுக்காட்டி ஆரும் சாகமாட்டாங்கல்ல?"

பெட்டியை அவளே மூடி வைத்தாள்.

"அந்த ஆபீசர் காதுல ஒருக்கா அந்தக் கரகரப்பு கேக்கட்டும். கேட்ட பொறகு மாட்டுங்க. அதுவரைக்கும் கயித்த ஆரும் தொட வேண்டாம்" என்றாள்.

விடிந்தது. சோளத்தட்டைமேல் பனி காயவில்லை. ஜீப்பின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, செட்டு பொரிந்துகொண்டிருந்தது. அட்டைப்பெட்டி வைத்தது வைத்தபடி சீட்டில் இருந்தது. தண்டாயுதபாணி வந்து பார்த்தார், முகம் கறுத்துவிட்டது.

"ஏன்டா மாட்டல?"

"ஆபீசர் கேட்ட பொறகு மாட்டறேனுங்க. அரை நாள் வேலைதான்."

"என்ஜின நிறுத்து. சத்தம் போயிரும்ல?"

"செட்டும் போயிருமுங்க. பேட்டரி உங்க பேட்டரிதானுங்களே."

"சாயங்காலம் உன் எடத்துல வேற ஆளு இருப்பான்."

"அவனுக்கும் இதேதான் கேக்குமுங்க."

தண்டாயுதபாணி அவனை விட்டுவிட்டு விஞ்சை ஓட்டச் சொல்லிச் சின்னண்ணனைப் பார்த்துக் கத்தினார். சின்னண்ணன் பிடியிலிருந்து கையை எடுத்துக் காட்டைக் காட்டினான். வரப்பின்மேல் சென்னியம்மாள் நின்றாள். மூங்கில் குச்சியில் கட்டிய பழைய சிவப்புத் துணி தலைக்குமேல் உயர்ந்திருந்தது. அவளுக்கு அப்பால் மாரியாயி, அதற்கும் அப்பால் ஒருத்தி, ஏரிக்கரைமேல் பொட்டாக இன்னொருத்தி. வேலையை விட்டு அனுப்பப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் கூலி கேட்காமல் தங்கள் பழைய இடத்தில் வந்து நின்றிருந்தார்கள். கயிறு தரையில் கிடந்தது. ஆண்கள் அதன் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ராசிபுரம் சாலையில் புழுதி எழுந்தது. ஆபீசரின் வண்டிதான். தண்டாயுதபாணி மைக்கைப் பிடுங்கி, வேலையைத் தொடங்கச் சொல்லி ஏரிக்கு அந்தப்புறம் இருந்தவர்களை மிரட்டினார், பிறகு கெஞ்சினார். "என்னடா சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்கடா" என்று செட்டுக்குள் காதை நுழைக்காத குறையாகக் குனிந்தார். பதிலுக்குக் கரகரவென்று பொரிந்ததே தவிர ஒரு சொல் விளங்கவில்லை. வண்டி வந்து நின்று, கதவு திறந்து, ஒரு பூட்ஸ் கால் இறங்கியது. தண்டாயுதபாணி குனிந்தபடியே கத்திக்கொண்டிருந்தார்.

தோமினிக் என்ஜினை நிறுத்தவில்லை.