வெளிக்கிட மாட்டேன் என்கிறாள் சிவமணி

1

இந்தக் கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சஞ்சிகைக்காரர் தொலைபேசியில் பிடித்து, பெருந்தொற்றுக் காலத்தில் நம் சனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஒரு கதை வேண்டும், கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்றார். கனம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு சாவு, ஒரு பசி, கடைசியில் மழை. கல்லடியில் வீட்டுக்குள் அடைபட்டு, தாடி வளர்த்து, பருப்பும் சோறும் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த எனக்கு, அவ்வளவு கனத்தையும் இறக்கிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வாகரைப் பக்கத்தில் இருக்கும் என் மச்சாள் ஞாபகத்துக்கு வந்தாள்.

சண்டை, கடல், இடப்பெயர்வு என்று எல்லாமே அவள் மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. இதற்கு மேல் கொரோனாவும் வந்தால் கதை தன்பாட்டில் அழும், நான் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். அழைத்தேன். எடுத்தவள் சிரித்தாள்.

"மச்சான், உண்மையச் சொன்னா எனக்கு இப்ப நல்ல காலம்" என்றாள்.

என் கணக்கு அந்த இடத்திலேயே பிழையாகிவிட்டது.

(சொந்தப் பெயரைப் போட அவள் சம்மதிக்கவில்லை. "சிவமணி எண்டு போடு. அந்தப் பேர்ல எனக்குச் சின்ன வயசில இருந்தே ஆசை" என்றாள். வயதிலும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். குறைத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: வெறிச்சோடிக் கிடந்த வீதியைச் சிவமணி யன்னல் கம்பிகளுக்கு இடையால் கண்ணீர் மல்கப் பார்த்துக்கொண்டிருந்த

இதை அவளுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. "என்ட யன்னலால றோட்டுத் தெரியாது மச்சான். பக்கத்து வளவு நல்லரத்தினத்தின்ட மாட்டுப்பட்டிதான் தெரியும். மாட்டப் பாத்து ஆரு அழுவான்?"

இரண்டாம் தொடக்கம்: ஊரடங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுடைய நெஞ்சில் பழைய காயங்கள்

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதைகளில் பழைய காயங்கள் சந்தையில் கத்தரிக்காய் மாதிரிக் குவிந்து கிடக்கின்றன. நானே நிறைய விற்றிருக்கிறேன்.

மூன்றாம் தொடக்கத்தை நான் யோசிக்கவில்லை. அது நடந்தது. கீழே எழுதுகிறேன்.

3

பங்குனி மாதத்து வெயிலில் ஊருக்குள் ஒரு பொலிஸ் ஜீப் வந்தது. அதன் தலையில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி என்ன சொல்கிறது என்று நின்று கேட்கிற வழக்கம் சிவமணியின் ஊரில் இல்லை. என்ன சத்தம் என்று நின்றவர்கள் சுனாமியோடு போய்விட்டார்கள். சத்தம் கேட்டால் ஓடு, ஓடி முடிந்த பிறகு விசாரி. இதுதான் அங்கே சட்டம்.

சிவமணி உலையில் அரிசியைப் போட்டிருந்தாள். அப்படியே விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்தாள். காணி உறுதி, அடையாள அட்டைகள், ஒரு பிஸ்கட் பக்கற், மாற்றுச் சாரன், மாற்றுச் சேலை. பை எப்போதும் தயாராகத் தொங்கும். கடற்கரையில் நின்ற அவளுடைய மனிசன் கனகசூரியம் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். கொஞ்ச நேரத்தில் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூட வளவில் ஊர் முழுக்கத் தோளோடு தோள் ஒட்டி நின்றது. திருவிழாவுக்குக்கூட அவ்வளவு சனம் சேர்ந்ததில்லை.

ஜீப் பின்னாலேயே வந்து சேர்ந்தது. "பொதுமக்கள் ஒன்றுகூடாமல் தத்தமது வீடுகளுக்குள் இருக்கவும்" என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்க, பொலிஸ்காரர் இறங்கி அந்தக் கூட்டத்தைப் பார்த்துத் தலையில் கையை வைத்தார்.

"ஐயா, கடலா, ஷெல்லா?" என்று கனகசூரியம் கேட்டார்.

"ரெண்டும் இல்ல. வருத்தம். தொத்து நோய்."

"அப்ப எங்க ஓடுற?"

"எங்கயும் ஓடேலாது. எல்லாரும் வீட்டுக்குள்ள இரிங்க."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவமணி மட்டும் முன்னுக்கு வந்தாள்.

"வீட்ட விட்டு வெளிக்கிட்டா?"

"பிடிப்பம். சட்டப்படி குத்தம்."

"வீட்டுக்குள்ளேயே இரிந்தா?"

"இரிந்தா ஒரு பிரச்சினையும் இல்ல அம்மா."

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவளிடம் வெளிக்கிடு என்றார்கள். காட்டுக்குள் ஓடினாள். கடல் வந்தபோது வெளிக்கிடு என்று சொல்லக்கூட ஆள் இருக்கவில்லை, அலையே துரத்தியது. அதற்குப் பிறகு வந்த சண்டையில் வெளிக்கிட்டு, களப்பைக் கடந்து, வாழைச்சேனை வரைக்கும் நடந்தாள். வீட்டை விட்டுப் போ என்று சொன்னவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே இரு, இல்லாவிட்டால் பிடிப்போம் என்று ஒருவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கண்டு, வருத்தம் இவளில்தான் தொடங்கிவிட்டதோ என்று பொலிஸ்காரர் இரண்டு எட்டுப் பின்னுக்குப் போனார்.

சோறு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அவ்வளவுதான் சேதம்.

(இப்படியும் நடக்குமா என்று சிலர் புருவத்தை உயர்த்துவீர்கள். ஓடிப் பழகாத ஊர்க்காரர் தாராளமாக உயர்த்தலாம்.)

4

சந்தோசமாக இருக்கும் ஆளைக் கதைக்குள் வைத்து மேய்ப்பது கயிறில்லாத மாட்டை மேய்ப்பது போல. சஞ்சிகைக்காரர் கேட்ட கனத்தை எங்கே கட்டுவது?

வீட்டுத்திட்டத்து வீடு கிடைத்துப் பல வருடங்கள் ஆகியும் சிவமணி அதில் சரியாகக் குடியிருந்ததில்லை. சமைத்தாள், படுத்தாள், ஆனால் ஒரு கால் எப்போதும் வாசலில் நின்றது. இப்போது பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பிஸ்கட்டை மூன்று பேருமாகத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றார்கள். திகதி முடிந்து எவ்வளவோ காலம் என்று மகள் உசாந்தி தின்று முடித்த பிறகுதான் பார்த்தாள். சிவமணி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அடுப்பு எரிகிற குசினிக்குள் வெயில் காலையில் எந்தப் பக்கம் விழுகிறது, பின்னேரம் எந்தப் பக்கம் விழுகிறது என்று புதுப் பெண்ணைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளவில் ஒரு மாங்கன்று வைத்தாள்.

"இவ்வளவு நாளும் மிளகாயும் கத்தரியும்தான் மச்சான் வெச்ச நான். கெதியாக் காய்க்கிறது, ஓடுறதுக்கு முதல் பறிச்சிரலாம். மாமரம் இப்பதான் வெச்சிரிக்கன்."

கனத்தைத் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா, அவள் சிரித்துக்கொண்டே தூக்கித் தந்துவிட்டு அடுப்பில் ஆணம் கொதிக்குது, குழம்பு வத்திரும் என்று போனை வைத்துவிட்டாள்.

உசாந்தி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள். வெள்ளைக்காரர் வராததால் ஹோட்டல் மூட, வீட்டுக்கு வந்தாள். துவாயை அன்னமாக மடித்துக் கட்டிலில் வைப்பது அவளுடைய தொழில். கை சும்மா இருக்காதே. வீட்டில் கிடந்த துணியெல்லாம் அன்னமாயிற்று.

"இஞ்சேர், என்ட சாரன் எங்க?" என்று கனகசூரியம் குளித்துவிட்டு நனைந்தபடி கத்துவார்.

"அந்தா ரெண்டு அன்னம் நிக்கிதெல்லா, அதுல இடப்பக்கத்து அன்னம் உங்கட" என்பாள் சிவமணி.

கனகசூரியத்தைத்தான் எனக்கு நம்ப முடியவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். முதல் பிரதியில் அவரைக் கடலை வெறித்துப் பார்க்க வைத்திருந்தேன். கடல் தொழிலாளியை வைத்து எழுதும் எவனும் செய்கிற வேலை அது. அவர் செய்ததோ வேறு. தொழிலுக்குத் தடை வந்த நாட்களில் காலையில் எழும்பி, "கடலுக்குப் போட்டு வாறன்" என்று மனிசியிடம் சொல்லிவிட்டுக் கிணற்றைச் சுற்றி நடப்பார். பிறகு திரும்பி வந்து, "இண்டைக்கு ஒண்டும் படல்ல" என்பார். வலையில் தைத்துப் பொத்த ஓட்டை இல்லாமல் போனபோது கத்தரிக்கோலால் தானே ஓர் ஓட்டை போட்டு, அதைப் பொத்தினார்.

"இதெல்லாம் கதையில போடாத, என்ட மனிசனுக்கு மரியாதை போயிரும்" என்றாள் சிவமணி. போட்டுவிட்டேன். அவரைப் போலத்தானே நானும், எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் முடித்த பந்தியை வெட்டி வெட்டித் தைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மீன் பிடிக்க விட்டார்கள், விற்கத்தான் வழியில்லை. பிடித்ததைக் கருவாடாக்கி, மரக்கறி லொறியில் சித்தாண்டி அழகரத்தினத்துக்கு அனுப்பினார்கள். அவர் வயல்காரர். அதே லொறி திரும்பும்போது அரிசி வந்தது. இப்படியே ஐப்பசி வரைக்கும் ஓடிற்று. சஞ்சிகைக்காரர் எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

5

ஐப்பசியில் கொழும்பு மீன் சந்தையில் வருத்தம் பரவியது. அங்கிருந்து மறுபடியும் மீன் எடுக்க வந்த லொறிக்குக் கனகசூரியம் ஐஸ் பெட்டி ஏற்றிக் கொடுத்திருந்தார். லொறிச் சாரதிக்கு வருத்தம் என்று தகவல் வந்தது.

இதை எழுதுகிற இன்று காலை சுகாதாரப் பரிசோதகர் உதயரூபன், உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றார்.

"அம்மா, நாளைக்குக் காலையில பஸ் வரும். மூண்டு பேரும் தனிமைப்படுத்தல் முகாமுக்குப் போகோணும். உடுப்புகள எடுத்து வெச்சிக்கங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

சிவமணியின் சிரிப்பு நின்றது. முகாம் அவளுக்குப் புதிதல்ல. அதன் வரிசையும் தெரியும், பக்கத்துப் பாயில் படுத்தவரின் இருமலும் தெரியும். அதற்கெல்லாம் அவள் பயப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றே முகாமில் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. ஒருமுறை எரிந்திருந்தது, ஒருமுறை கடல் கொண்டுபோயிருந்தது, கடைசி முறை, சுனாமிக்குப் பிறகு கட்டிய கொட்டிலின் கூரையும் கதவும் யார் வீட்டுக்கோ போயிருந்தன. கொரோனா வீட்டைத் தூக்கிக்கொண்டு போகாது என்று அவளுடைய புத்திக்குத் தெரியும். கால்கள் நம்ப மறுத்தன.

"தம்பி, வீட்ட விட்டு வெளிக்கிட்டாக் குத்தம் எண்டு சொன்னீங்க."

"அது பொலிஸ் சொன்னது அம்மா."

"ஆரு சொன்னா என்ன, அரசாங்கம் ஒண்டுதானே? நான் சட்டத்த மீறமாட்டன்."

உதயரூபன் முகமூடிக்குள் சிரித்திருக்க வேண்டும், கண் சுருங்கியது. "வசதி இரிக்கிற வீடெண்டா வீட்டிலேயே வெச்சிப் பாக்கலாம் எண்டு இப்ப ஒரு கதை வருது. ஆனா தனி அறை வேணும்."

"இரிக்கு. கடல் பக்கம் பாத்த அறை" என்றாள் உசாந்தி, ஹோட்டல் குரலில்.

"தனி மலசலகூடமும் வேணும். அதுக்கு என்ன செய்யிற?"

"ரெண்டு கெடக்கு" என்றாள் சிவமணி.

வாசகரே, இது நான் புனைந்ததல்ல என்றால் நம்புவீர்களா? சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர் வந்து, வீடே இல்லாத காணியில் ஒரு கக்கூசைக் கட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பரந்த வெளியில் அது மட்டும் தனியே நின்றது. வருடங்கள் கழித்து வீட்டுத்திட்டத்தோடு இன்னொன்று வந்தது. பழையது தேங்காய்ப் பொச்சுமட்டையும் கிழிந்த வலையும் போடும் இடமாயிற்று.

கனகசூரியம் மட்டையெல்லாம் இழுத்தெறிந்தார். சிவமணி தேங்காய்த் தும்பால் உரஞ்சி உரஞ்சிக் கழுவினாள். உசாந்தி தண்ணி வாளிக்குப் பக்கத்தில் துவாய் அன்னம் ஒன்றை வைத்தாள். உதயரூபன் வேலிக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

"பதில் வந்தாச் சொல்றன் அம்மா. வராட்டி பஸ்தான்."

பின்னேரமாகிவிட்டது. இதுவரை பதில் வரவில்லை.

6

ஆகவே, முடிவுகள்.

அ) பஸ் வருகிறது. சிவமணி ஏறுகிறாள். முகாமில் உசாந்தி எல்லாருக்கும் அன்னம் மடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். திரும்பி வரும்போது வீடு அங்கேயே இருக்கிறது. (நல்ல முடிவு. ஆனால் இதை எழுத நான் அவளை ஏற்ற வேண்டுமே.)

ஆ) பதில் வருகிறது. படலையில் அறிவித்தல் ஒட்டுகிறார்கள். அதைக் கோயில் கொடியைப் போல அவள் தினமும் பார்த்து (சீனி கூடிவிட்டது.)

இ) சஞ்சிகைக்காரருக்காக: மழை பெய்

எதைப் போடுவது என்று அவளையே கேட்டேன்.

"எதப் போட்டாலும், முடிஞ்சாப் பொறகு நான் எங்க இரிக்கிற?" என்றாள்.

"கதை முடிஞ்சா எல்லாரும் போகவேண்டியதுதானே மச்சாள்."

"அப்ப முடிக்காத."

"அதெப்படி முடிக்காம விடுற?"

"கடல் என்னை வெளிக்கிடு எண்டிச்சி மச்சான். சண்டையில துவக்கு வெளிக்கிடு எண்டிச்சி. நாளைக்குப் பஸ்ஸும் வந்து சொல்லும், அத நான் பாத்துக்கிறன். மறுகா நீயுமா சொல்லப்போறாய்?"

முடிவுகள் எழுதிய தாளை மடித்து வைத்தேன். அந்தப் பக்கம் அவளுடைய சிரிப்பு வந்தது.

"இந்தக் கதைக்குள்ள இரிந்து நான் வெளிக்கிட மாட்டன். வெளிக்கிட ஆள் வேணுமெண்டா, வாசிக்கிற ஆக்களையும் கூட்டிக்கொண்டு நீ வெளிக்கிடு. எவ்வளவு நேரமா எல்லாரும் என்ட வீட்டுக்குள்ள நிக்கிறீங்க, ஒருத்தர்ட வாயிலயும் மாஸ்க் இல்ல."

நியாயம்தான். அவளுடைய குசினியையும் அன்னங்களையும் கழுவி வைத்த கக்கூசையும் அழைப்பில்லாமல் வந்து பார்த்துவிட்டோம். நாளைக் காலையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் உங்கள் வீட்டில் இருந்து எழுதுங்கள். நான் முன்னால் போகிறேன். நீங்களும் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக வாருங்கள். கடைசியாக வருகிறவர் படலையைச் சாத்திவிட்டு வாருங்கள். சிவமணி உள்ளே இருக்கிறாள்.