பச்சை டைல்ஸும் பாசி மெத்தையும்

அருவிக்கு அருவி காரை நிறுத்தினாள் யகோடா. அருவிக்கு அருவி அவள் அம்மா போஜெனா கண்ணாடியை இறக்கி, "தண்ணிதான். மேலேர்ந்து விழுது" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டாள்.

நார்வேக்கு வேலைக்கு வந்த மகளைப் பார்க்கப் போலந்திலிருந்து பெற்றோர் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் சும்மா வந்தார்களா? "இதுதான் முதலும் கடைசியும். நீதான் ஊருக்குத் திரும்பப்போறியே, அப்புறம் எங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டாள் போஜெனா. உணவகத்தில் கால் வைக்கவும் மறுத்துவிட்டாள். மலையும் கடலும் கைகோத்து நிற்கிற இடத்திலெல்லாம் மூவரும் காருக்குள் உட்கார்ந்து, ஊரிலிருந்து ஜாடியில் வந்த ஊறுகாய் வெள்ளரியும் அவித்த முட்டையும் தின்றார்கள். கார் முழுக்க முட்டை நாற்றம்.

யகோடாவுக்கு முட்டையா இறங்கும்? போன மாதம்தான் இங்கே ஒரு சின்ன மரவீடு வாங்கியிருந்தாள். இனி ஊர் திரும்புவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பயணமே. நல்ல காட்சியாகப் பார்த்து நிறுத்துவாள், வாயைத் திறப்பாள். அதற்குள் பின்சீட்டிலிருந்து அப்பா ஸெனான் முந்திக்கொள்வார்.

"கண்ணு, மாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டிட்டேன். நீ கேட்ட அதே பச்சை."

மகள் வந்து குடியிருப்பாள் என்று அந்த மனுஷன் தன் கையாலேயே கட்டிய மாடி அது. யகோடா சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு வண்டியை எடுப்பாள்.

"நிறுத்துடி!"

அம்மா போட்ட சத்தத்தில் ஆடுதான் குறுக்கே வந்துவிட்டது என்று பிரேக்கை மிதித்தாள். கார் நிற்பதற்குள் போஜெனா இறங்கி, பள்ளத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டாள். காளான் முளைக்கிற செப்டம்பர் மாதத்தில் போலந்துக்காரியைக் காட்டோரமாகக் கூட்டிப்போவதும் பூனையை மீன்கூடை ஓரமாகக் கூட்டிப்போவதும் ஒன்றுதான்.

உள்ளே, பாசி மெத்தை நெடுகத் தவிட்டு நிறத் தொப்பியும் பருத்த தண்டுமாகக் காளான்கள். தொடுவார் இல்லை.

"இந்த ஊர்க்காரங்களுக்குக் கண்ணே இல்லையாடி?"

"கடையில வாங்கித் திம்பாங்கம்மா."

"பாவிங்க! ஸெனான், கத்தியக் குடு. கோட்டக் கழட்டு."

கோட்டின் கைகளை முடிந்து கூடையாக்கினாள். மூன்று நாளாகக் காணாத சிரிப்பு அந்த முகத்தில். அதைக் கெடுக்க யகோடாவுக்கு மனசே வரவில்லை. ஆனால் இப்போது விட்டால் எப்போது? குனிந்தபடியே, பாசியைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, நான் ஊருக்குத் திரும்பி வரல. இங்கயே வீடு வாங்கிட்டேன்."

ஸெனான் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப மாடி?" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் போஜெனா.

"எப்படிம்மா?"

"ஆப்பிள் மரம் எந்த மாசம் நடணும்னு போன்ல கேட்டியே. வாடகை வீட்டுல எவடி மரம் நடுவா?"

தாயறியாத சூல் உண்டா?

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நெசமாயிடுமே." போஜெனா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். யகோடா ஈரப் பாசியிலேயே மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் தள்ளிவிடவில்லை. கத்தி பிடித்த கையை மட்டும் எட்ட நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"மாடிய வாடகைக்கு விட்டுரலாமா?" என்று கேட்டார் ஸெனான்.

"விடு பார்ப்போம்! பொண்ணு லீவுல வந்தா உன் தலையிலயா தங்குவா?"

கோட்டுக் கூடை நிறைந்துவிட்டது. ஸெனான் அதைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். போஜெனா மட்டும் வரவில்லை. காளான் அறுத்த இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போய், ஒவ்வொரு வெட்டுவாயையும் பாசியாலும் சருகாலும் மூடிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். காளான் இடத்தைக் கூடப்பிறந்தவளுக்கும் காட்டாத ஜாதி அது.

"எதுக்கும்மா மூடுற? இங்க யாரு வந்து எடுக்கப்போறா?"

"நான்தான்" என்றாள் போஜெனா நிமிராமலே. "அடுத்த வருஷம் வரும்போது இடம் அப்படியே இருக்கணும்ல?"