பதினெட்டா, இருபத்திரண்டா

1

இந்தக் கதை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்குப் பின்னால் பேசிய இரண்டு குரல்களாகக் கிடைத்தது. டிரம்ஸ் வாடகைக்கு விடும் ஒருவர். அதை வாசிக்கும் ஒரு பெண். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம் பதினெட்டு அங்குலமா, இருபத்திரண்டா என்று பேசிக்கொண்டே வந்தார்கள். நான் திரும்பவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்குப் பேச்சு கேட்காமல் போய்விடும். முடிவாவதற்குள் இறங்கிவிட்டார்கள். மீதி நான் எழுதுவது.

2

தொடக்கம் ஒன்று: சாரல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் மாரிச்செல்வி

(வேண்டாம். குற்றாலம் என்றாலே சாரலா?)

தொடக்கம் இரண்டு: ஹுஸைஃபாவின் வாடகைக் கடை. வாசலில் ஆட்டோ, ஒரு செட்டுக்குத்தான் இடம். ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியில் இன்று மாரிச்செல்வி வாசிக்க வேண்டும். சின்னக் கூடம், மெதுவான பாட்டுகள். நன்றாக அமைந்தால் சீசன் முழுக்க அவளையே கூப்பிடுவார்கள்.

"ஏட்டி, கோயில் கொடையில குத்துப்பாட்டுக்கு இருபத்திரண்டு சரி. வெட்டவெளி, ஊரே ஆடணும். இது ரூமு. சத்தம் அடங்க டிரம்முக்குள்ள தலையணையத் திணிச்சாலும் பாடுதவங்க குரல முழுங்கிரும்."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சுமா அதையே பாத்துக்கிட்டு நிக்க?"

"சொரிமுத்து அண்ணாச்சி வருதாவளாம்."

3

சொரிமுத்து, அவள் இதுவரை வாசித்த கச்சேரிக் குழுவின் முதலாளி. குழுவை விட்டு அவள் தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், மாட்டேன் என்கிறார். நல்ல மனிதர், வாய்தான்.) சின்ன டிரம்மைப் பார்த்தால், பொம்பளப் பிள்ளைக்கு இது போதும் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையும் தட்டுவார்.

ஜாஸ் வாசிப்பவர்களுக்குப் பதினெட்டுதான் பிடிக்குமாம். ராக் என்றால் இருபத்திரண்டோ அதற்கு மேலோ. படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டுக்குத்தானே அளவு? ஆளைப் பார்த்து அளவு சொல்ல எப்போது ஆரம்பித்தோம்?

4

முடிவு அ: இருபத்திரண்டை ஏற்றுகிறாள். சொரிமுத்து வாய் திறக்கவில்லை. பாடியவர் வாய் திறந்தும் யாருக்கும் கேட்கவில்லை.

முடிவு ஆ: பதினெட்டு. பாட்டு அழகாக நிற்கிறது. அவளோ கடைசிவரை சொரிமுத்துவின் உதட்டையே பார்த்து

(இதுவும் சரியில்லை. இரண்டிலும் அவள் காது அவரிடம்தான் இருக்கிறது.)

5

இரண்டையும் அடித்துவிட்டுக் கடைக்கே திரும்பினேன். ஆட்டோக்காரர் அவசரப்படுத்துகிறார். மாரிச்செல்வி ஹுஸைஃபாவை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.

"அண்ணாச்சி என்னமும் சொல்லிட்டுப் போட்டும். பாடுதது யாரு? அதச் சொல்லாம நான் எத எடுக்க?"

நான் அதை எழுதவே இல்லை. இத்தனை நேரம் இரண்டு டிரம்மையே அளந்துகொண்டிருந்தேன். பாடியவர் என்று எழுதினேனே தவிர, பாட ஒரு ஆளை வைக்கவில்லை.

ஆகவே நீங்கள்தான். ஒரு வரி பாடுங்கள், உங்களுக்கு வருகிற குரலில். ஆட்டோவை அணைக்கச் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள்.