கடைவாய்ப் பல்லும் சர்க்கரையும்

தின்னாத இனிப்பைத் தின்றதாகப் பேருந்து ஓட்டுநர் ஒப்புக்கொண்டார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மறுபடி ஏறியிருந்தது. மனைவி சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ல பொட்டுச் சீனி இல்ல. பின்ன எப்படி ஏறும்? டிப்போ வாசல்ல நின்னு என்னத்த முழுங்குறீங்க?"

"ஆமா, முழுங்குறேன். இப்ப என்னாங்குற?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது.

உண்மையில் அவர் இனிப்பைத் தொட்டு மாதக்கணக்காகிறது. தொட்டால் இடது கடைவாய்ப் பல் உச்சந்தலை வரை தெறிக்கும். ஈறு வீங்கி, அமுக்கினால் சீழ் கசிந்தது. ஆனால் பல்வலி என்று சொன்னால் அடுத்த நொடி அவள் தன் தம்பிக்குப் போன் போடுவாள். போக்குவரத்து நிர்வாகத்தின் மருத்துவத் திட்டத்தில் இருந்த ஒரே பல் மருத்துவர் அவன்தான். அப்பா விட்டுப்போன வீட்டை அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றவன். அவள் அவனை மன்னித்துவிட்டாள். ஓட்டுநருக்கு அது இன்னும் எரிச்சல். அவன் முன்னால் மல்லாந்து படுப்பதைவிடத் திருட்டுத்தீனிக்காரன் என்ற பட்டம் மேல் என்று முடிவுகட்டிவிட்டார்.

பட்டம் டிப்போ வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"சீனியண்ணே, டேங்க்ல டீசல் ஊத்தவா, பாகு ஊத்தவா?" என்றான் மெக்கானிக். ஷெட்டே சிரித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

உடற்தகுதிப் பரிசோதனை நெருங்கியது. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் அம்மா இந்த முறை கூடுதலாக ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதியிருந்தார். முடிவைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிஆர்பி எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"அதென்ன, இன்னொரு சர்க்கரையா?"

"இல்ல. உடம்புல எங்கயோ அழற்சி இருக்குன்னு ரத்தம் சொல்லுது. எந்த இடம்னு அதுக்குச் சொல்லத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். உள்ளுக்குள்ள அழற்சி ஓயாம இருந்தா இன்சுலினால சரியா வேலை செய்ய முடியாது. வாயைக் கட்டினாலும் சர்க்கரை முரண்டு பிடிக்கும். எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல."

"இனிப்பு திங்கிறார் டாக்டர், அவரே ஒத்துக்கிட்டார்" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"இனிப்புக்குச் சர்க்கரை ஏறும்மா. சிஆர்பி இந்தளவு எகிறாது." மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார். "சொல்ல மாட்டீங்க. சரி, மாத்திரையைக் கூட்டுறேன். கேக்கலன்னா இன்சுலின் ஊசி. ஊசி போடுறவங்களுக்கு உங்க நிர்வாகம் பஸ்ஸக் குடுக்காது, தெரியும்ல?"

தெரியும். அப்படி இறங்கியவர்கள் வண்டி கழுவும் ஷெட்டில் இருந்தார்கள். தன் பஸ்ஸை எவனோ ஓட்டிவர, தான் குழாயோடு நிற்பதை அவர் நினைத்துப் பார்த்தார்.

"இடது பக்கம். கடைவாய்."

மனைவி அங்கேயே வெடித்தாள். "தம்பிகிட்டப் போகக் கூடாதுன்னா இந்தக் கூத்து? என் புருஷன் கள்ளத்தீனி திங்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறேன். என்னைக் கேனச்சி ஆக்கிட்டீங்களே!"

மறுநாளே மச்சானின் நாற்காலியில் அவர் சாய்ந்திருந்தார். விளக்கு கண்ணைக் குத்தியது.

"எப்படி அத்தான் இத்தனை நாள் பொறுத்தீங்க?"

"உன் மூஞ்சியைப் பாக்கறதுக்கு இது தேவலாம்."

மச்சான் கையுறையை இழுத்து மாட்டினான். "பல்லை எடுத்தாகணும். ஈறு முழுக்கச் சுத்தம் பண்ணணும். எடுத்ததும் சர்க்கரை விழுந்துடும்னு நினைக்காதீங்க, கொஞ்சம்தான் இறங்கும். மாத்திரையை விடக் கூடாது."

"வீட்டை எதுக்குடா கேக்காம வித்த?"

"வாயைத் திறங்க."

"பதில் சொல்லு."

ஊசி ஈறில் இறங்கியது. மச்சான் காத்திருந்தான். உதடு மரத்து, நாக்கு கட்டையான பிறகுதான் பேச ஆரம்பித்தான்.

"கரையான் அரிச்ச வீடு அது. அக்காகிட்டக் கேட்டா அக்கா உங்களைக் கேக்கும். நீங்க நடுவீட்ல நின்னு கத்துவீங்க. வாங்க வந்தவன் ஓடியிருப்பான். அதான் கேக்கல. உங்க வாய்க்குப் பயந்துதான் கேக்கல."

ஓட்டுநருக்கு நெஞ்சுவரை பதில் நிரம்பியிருந்தது. வாயிலிருந்து எச்சில்தான் வழிந்தது. மச்சான் அதைத் துடைத்துவிட்டு இடுக்கியை எடுத்தான்.

உடற்தகுதிப் பரிசோதனை நாளில் சிஆர்பி நன்றாக இறங்கியிருந்தது. சர்க்கரை, மாத்திரையும் சேர்ந்து, எல்லைக்குள் நூலிழையில் நின்றது. ஊசி வேண்டாம், பஸ் அவருக்கே, ஆனால் மறுபடி சோதிக்கவேண்டும் என்றார்கள்.

அன்று மாலை மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "ஈறு மறுபடி கெடாம இருக்க மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணுமாம். தம்பி கேக்கறான், வருவீங்களான்னு."

"வர்றேன்னு சொல்லு" என்றார் ஓட்டுநர், சட்டையைக் கழற்றியபடி. "ஊசி போடறதுக்கு முன்னாடியே பேசிடுவேன்னும் சொல்லு."