துரு என்று சொன்னவன்

மாமரத்தடியில் கடைசி நாற்காலியை விரித்துக்கொண்டிருந்த ரென்ஸோவின் பக்கத்தில் அண்ணி இடா வந்து நின்றாள். அண்ணன் ஆல்டோவைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"மில்லுல எவனோ அது துருன்னு சொன்னானாமே. உனக்குத் தெரியுமா தம்பி?"

"எது அண்ணி?"

"அவர் கண்ணுல இருந்த மச்சம்தான். ரெண்டு வருசம் அதையே நம்பிக்கிட்டு டாக்டர்கிட்டப் போகலியே மனுசன்."

நாற்காலியின் கீல் ரென்ஸோவின் விரலை நசுக்கியது.

"அங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்வானுங்க அண்ணி."

ஆல்டோவின் வெள்ளை விழியில், கருமணிக்குப் பக்கத்தில், வெல்லப்பாகு சொட்டியதுபோல் ஒரு பழுப்புப் புள்ளி. கிரைண்டரில் தெறித்த இரும்புத் தூள் கண்ணில் ஒட்டினால், குயின்ஸ்லாந்தின் அந்தக் கரும்பு மில் பட்டறையே இருபது வருடமாக ரென்ஸோவிடம்தான் வரும். தீக்குச்சி முனையைச் சீவி, எச்சில் தொட்டு, ஒரே தட்டில் எடுத்துவிடுவான். ஆல்டோவின் கண்ணிலும் தட்டிப் பார்த்தான். வரவில்லை. "தூள் போயிருச்சு, துருதான் நிக்குது. தானா கரையும்ணே."

கரையவில்லை, அகலமானது. இப்படிப்பட்ட மச்சம் பலருக்கும் இருக்கும், ஒன்றும் செய்யாது; இது புற்றாகிவிட்டது என்றார் டாக்டர். அதற்குள் ஈரல்வரை போயிருந்தது. குச்சியால் தட்டியதால்தானா என்று கேட்க ரென்ஸோவுக்கு வாய் வரவில்லை.

அரவைக் காலம். சாவுக்காக மில் நிற்காது. ஷிப்ட் முடிந்தவர்கள் பூட்ஸோடு வந்தார்கள். இடா சாண்ட்விச் தட்டை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் இந்தப் பக்கம் வந்தால் ரென்ஸோ அந்தப் பக்கம் பீர் ஊற்றப் போனான்.

ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு வாசல் கேட்டிலிருந்தே கத்தினான் வெல்டர் கெல்வின்.

"ரென்ஸோ அண்ணே! குச்சி வச்சிருக்கியா? காலையிலேர்ந்து உறுத்துது. உன் கைதான் கை."

"எழவு வீட்டுலயும் வைத்தியம் கேக்குறான் பாரு!" யாரோ சிரித்தார்கள்.

இடா தட்டைக் கீழே வைத்தாள். ரென்ஸோவின் கை, தானாகவே சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியைப் பொத்திக்கொண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

கெல்வினை வெயிலுக்கு இழுத்து, இமையை விலக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா தெரியுது?"

"எனக்கு என்னடா தெரியும்."

உள்ளே போய் ஆல்டோவின் வண்டிச் சாவியை எடுத்துவந்து ரென்ஸோவிடம் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

ஓட்டுநர் இருக்கை ஆல்டோவின் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. ரென்ஸோ அதை நகர்த்தவில்லை. கால் நுனியால் எட்டிக் கிளட்சை மிதித்தான்.