சத்தம் வராத வீச்சு

சோழபுரம் கண்மாய்க் கரையில் மாரிச்செல்வி தூண்டில் கம்பை ஓங்கியதும், உபரித் தண்ணீர் வழியும் கலுங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கயிறு அவள் தலைக்குப் பின்னால் போய்த் திரும்பியது. படார் என்று ஒரு சத்தம்.

"அப்படிப் போடு," என்றார் அவள் அப்பா முத்துராமலிங்கம். "இதுல்லா அடி."

மாரிச்செல்வி கயிற்றை இழுத்து நுனியைப் பார்த்தாள். பூச்சியைக் காணோம். சேவல் கழுத்து இறகைக் கொக்கியில் சுற்றி அவளே கட்டிய பொய்ப்பூச்சி. காலையிலிருந்து இப்படியே பறிகொடுத்து, டப்பாவில் இனி ஒன்றுதான் கிடந்தது.

"அப்பா, சத்தம் வந்தா பூச்சி அத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்குப் போயி பாராட்டாதீக."

"சாட்டைன்னா சத்தம் வரணும்ட்டி."

"இது சாட்டை இல்ல."

கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்த சிவபாண்டி குறுக்கே வந்தார். "எது வேணாலும் இருக்கட்டும் தாயி. எம் மீனுல கைய வச்சிராத."

"கொக்கி முனைய வெட்டிட்டேன் சித்தப்பா. மீனு சிக்காது."

"பொறவு எதுக்குட்டி வீசுத?"

கலுங்கே சிரித்தது. தண்ணீரில் மிதந்த டிராக்டர் டயர் டியூபை அவள் முறைத்துப் பார்த்தாள்.

அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். மீன்வளம் படித்தவள். மூணாறுப் பக்கம் ஒரு விடுதியில், ட்ரவுட் மீன் ஓடும் ஆற்றுக்கு விருந்தினர்களைக் கூட்டிப்போய்த் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கும் வேலை என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்ததும் பட்டுச்சேலை கட்டிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஆற்று வேலை ஆண்களுக்காம். யாரோ விட்டுப்போன கம்பை எடுத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் அவளே ஆற்றில் இறங்கினாள். இந்தத் தூண்டிலில் ஈயக் குண்டு கிடையாது. கயிற்றின் எடைதான் பூச்சியைச் சுமந்து போக வேண்டும். ஒருநாள் அது போனது. பின்னால் கயிறு முழுதாக விரிந்து கம்பின் நுனியை மெல்ல இழுத்தது. அடுத்த நொடி ஆற்றின் மேல் உருண்டு உருண்டு நீண்டது. ராஜபாளையம் மில் வாசலில் பறக்கும் பஞ்சு மாதிரிப் பூச்சி தண்ணீரில் உட்கார்ந்தது. மீன் வந்ததா இல்லையா என்றுகூட அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மேனேஜரோடு தினமும் சண்டை.

கடைசியில், லீவில் ஊருக்குக் கிளம்பியவளிடம் அவர் ஒரு வழி சொன்னார். நாற்பதடி தள்ளி ஒரு டயர், அதற்குள் பூச்சி விழ வேண்டும். வெட்டு ஒட்டு இல்லாத வீடியோ, இன்று பொழுது சாய்வதற்குள். விழுந்தால் ஆற்று வேலை அவளுக்கு. முடியாவிட்டால் ஆற்றைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

ஆற்றில் யாரும் பார்க்காதபோது கை சொன்னபடி கேட்டது. இங்கே அப்பா பார்க்கிறார். அவருடைய பந்தய மாடுகளைச் சின்ன வயதிலிருந்து விரட்டிப் பழகிய கை, ஊர்ச் சிரிப்பைக் கேட்டதுமே சாட்டைக்கையாகிவிடுகிறது.

செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சித்தி மகள் காளீஸ்வரி, "அக்கா, இதப் பாருங்க. கயிறு பின்னால மடங்கித்தான் கெடக்கு, அதுக்குள்ள இழுத்திருதீக," என்று காட்டினாள்.

மாரிச்செல்வி பார்த்தாள். உண்மைதான். முதுகில் வாடைக்காற்று வேறு கயிற்றை விரிய விடாமல் அமுக்கியது. கடைசிப் பூச்சியைக் கயிற்றில் முடிந்தாள். இந்த முறை பக்கவாட்டில் திரும்பி, டயரையும் விட்டுவிட்டு, கலுங்கையும் விட்டுவிட்டு, பின்னால் போகும் கயிற்றை மட்டும் பார்த்தாள். விரியட்டும். இன்னும் விரியட்டும். நுனி இழுத்தது. விட்டாள்.

காற்றில் கயிறு போன பாதை அவளுக்கு நெஞ்சுக்குள் ஓடியது. பூச்சி டயருக்குள் இறங்கியது. தண்ணீர்கூட அசையவில்லை.

"எப்பத்தான்ட்டி வீசுவ?" என்றார் சிவபாண்டி.

"வீசியாச்சு சித்தப்பா."

"அம்புட்டுதானா?"

வீடியோவை அனுப்பினாள். செத்த நேரத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. 'காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. செல்லாது. எதிர்க்காற்றில் போடு.'

வாசித்ததும் செல்போனைக் காளீஸ்வரியிடம் கொடுத்துவிட்டு, டயரில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தாள்.

"எங்கட்டி?" என்றார் அப்பா.

"அக்கரைக்கு. காத்து அங்கதான் மூஞ்சில அடிக்கும்."

முத்துராமலிங்கம் எழுந்து வந்து டயரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நட. நான் வாயத் தொறக்கல."

அக்கரையில் நிற்கவே முடியாதபடி காற்று. கூடவே வந்த காளீஸ்வரி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். இங்கே கயிறு பின்னால் தானாகவே விரிந்தது. சண்டை முன்னால்தான். அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதையும் முன்வீச்சில் போட்டு, காற்றுக்கு அடியில் தாழ்வாக விட்டாள். கயிறு தண்ணீரை உரசிக்கொண்டு போனது. பூச்சி டயரின் விளிம்பில் பட்டு உள்ளே விழுந்தது.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்போது மாரிச்செல்வி இரண்டாவது வீடியோவை அனுப்பினாள். கூடவே எழுதினாள்: 'திங்கட்கிழமை ஆற்றில் இருப்பேன். சந்தனக் கிண்ணத்துக்கு வேறு ஆள் பாருங்கள்.'

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் இன்னும் ஒன்று போடலாம் என்று கம்பை ஓங்கினாள்.